ஸ்டால் டெக்கைச் செதுக்குவது எப்படி? ஸ்னோர்லாக்ஸை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போகிமான் கார்டு விளையாட்டில் ஸ்டால் டெக் (டெக் என்பது ஒருவர் ஆடும் 60 கார்டுக் கட்டு) ஆடத் தொடங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணமாக எடுத்துக்கொண்டிருப்பது 2024-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் முறையில் (அண்மைத் தொகுப்புகளின் கார்டுகளை மட்டும் அனுமதிக்கும் முறை) பலரையும் திணறடித்த ஸ்னோர்லாக்ஸ் டெக். நான் அதிகம் ஆடியதும் அதிகம் திருத்தியதும் அதைத்தான்.

ஸ்டால் டெக் என்றால் என்ன? தாக்காமல் எப்படி ஜெயிக்க முடியும்?

ஆடுபுலி ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா? புலி ஆட்டை வெட்டும். ஆட்டால் எதையும் வெட்ட முடியாது. ஆனாலும் ஆடுகள் ஜெயிக்கின்றன. மூன்று புலிகளும் நகர வழியில்லாமல் அடைபட்டுவிட்டால் ஆட்டம் ஆட்டுக்காரருடையது. ஸ்டால் டெக் ஆடுவது ஆட்டுப் பக்கம் உட்காருவதுதான்.

போகிமானில் எதிராளியின் போகிமானை வீழ்த்தும்போதெல்லாம், தொடக்கத்தில் தனியே வைத்த பிரைஸ் கார்டுகளிலிருந்து எடுப்போம். ஆறையும் எடுத்தால் வெற்றி என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொரு விதியும் இருக்கிறது. தன் முறை தொடங்கும்போது டெக்கிலிருந்து எடுக்க ஒரு கார்டும் இல்லாதவர் தோற்றுவிடுவார். 60 கார்டுகளில் 7 கையில், 6 பிரைஸில். மிச்சம் 47. எதிராளியின் அந்த 47 கார்டுகளும் தீரும்வரை அவரைத் தாக்கவிடாமல் வைத்திருப்பதே நம் வேலை.

இது நேற்று முளைத்த உத்தி அல்ல. 2015-இல் அமெரிக்க தேசியப் போட்டியில், 250 எச்பி (தாங்கக்கூடிய அடியின் அளவு) கொண்ட வெய்லார்ட் இஎக்ஸைச் சுவர்போல் நிறுத்திய ஒரு டெக் இறுதி ஆட்டம் வரை சென்றது.

ஸ்னோர்லாக்ஸ் எப்படி வேலை செய்கிறது?

போகிமான் கோ தொகுப்பில் வந்த ஸ்னோர்லாக்ஸுக்கு ‘பிளாக்’ என்றொரு திறன் உண்டு. அது ஆக்டிவ் இடத்தில், அதாவது முன்னால் நின்று தாக்கும் இடத்தில், நிற்கும்வரை எதிராளியின் ஆக்டிவ் போகிமான் எனர்ஜி கார்டுகளைக் கொடுத்துப் பெஞ்சுக்குப் பின்வாங்க முடியாது. எதிராளியின் பெஞ்சில் (பின்னால் காத்திருக்கும் போகிமான்களின் வரிசையில்) தாக்க வக்கில்லாத ஒன்றைப் பார்த்து, பாஸஸ் ஆர்டர்ஸ் அல்லது கவுண்டர் கேட்சர் கொண்டு முன்னால் இழுத்துவிட்டால், அது அங்கேயே நிற்க வேண்டியதுதான். இதைத்தான் பூட்டு என்கிறேன். அவர் கார்டு எடுப்பார், முறையை முடிப்பார். மறுபடி எடுப்பார், மறுபடி முடிப்பார்.

நேரத்தை இழுத்தடிப்பதும் ஸ்டால் ஆடுவதும் ஒன்றா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேண்டுமென்றே மெதுவாக ஆடிக் கடிகாரத்தை ஓட்டுவது விதிமீறல். நடுவர் தண்டனை கொடுப்பார், கொடுக்கவும் வேண்டும். ஸ்டால் டெக் எதிராளியின் கார்டுகளைத் தீர்க்கிறதே தவிர அவருடைய நேரத்தைத் தின்னக் கூடாது. உண்மையில் ஸ்டால் ஆடுபவர்தான் மற்றவர்களைவிட வேகமாக ஆட வேண்டும். காரணத்தைக் கீழே நேரம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

என் டெக் ஓரளவு ஓடுகிறது, ஆனால் பூட்டிய பிறகும் எதிராளி தப்பிவிடுகிறார். எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

வாசல்களை எண்ணுவதிலிருந்து. என் அனுபவத்தில் ஸ்டால் டெக்கைச் செதுக்குவது என்றால் பெரும்பாலும் இந்த ஒரே வேலைதான்.

புதிதாக ஆடுபவர்கள் டெக்கில் எது பலமான கார்டு என்று பார்க்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் கார்டு எதிராளியின் எந்த வாசலை அடைக்கிறது? பதில் இல்லையென்றால் அந்தக் கார்டுக்கு டெக்கில் இடமில்லை.

பூட்டப்பட்ட போகிமான் வெளியேற வழிகள் இவைதாம். ஆக்டிவ் போகிமானை மாற்றும் ஸ்விட்ச், ஸ்விட்ச் கார்ட், எஸ்கேப் ரோப் போன்ற ஐட்டங்கள் (ஒரு முறையில் எத்தனை வேண்டுமானாலும் ஆடக்கூடிய கார்டுகள்) முதல் வாசல். புரொஃபசர் டூரோஸ் சினாரியோ போன்ற சப்போர்ட்டர் இரண்டாவது. அது போகிமானைக் கைக்கே திரும்ப எடுத்துவிடும். எனர்ஜி சேர்த்துத் தாக்குவது மூன்றாவது. கேன்சலிங் கொலோன் என்ற ஐட்டத்தைப் போட்டு அந்த ஒரு முறைக்கு ஸ்னோர்லாக்ஸின் திறனையே இல்லாமல் செய்வது நான்காவது. ஐந்தாவது வாசலைத்தான் பலர் மறக்கிறார்கள். எதிராளி பாஸஸ் ஆர்டர்ஸ் ஆடி நம் பெஞ்சிலிருந்து வேறொன்றை முன்னால் இழுத்தால், ஸ்னோர்லாக்ஸ் ஆக்டிவில் இல்லை. பிளாக் இல்லை. அவர் எனர்ஜி கொடுத்துப் பின்வாங்கிவிடலாம்.

முதல் வாசலையும் நான்காவதையும் அடைப்பது எரி என்னும் சப்போர்ட்டர். எதிராளி கையைக் காட்ட வேண்டும். அதிலிருந்து இரண்டு ஐட்டங்கள் வரை நாம் தூக்கி எறியலாம். மூன்றாவது வாசல், யாரைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஐந்தாவதை அடைக்கக் கார்டே தேவையில்லை, பெஞ்சில் ஒழுக்கம் போதும்: ஸ்னோர்லாக்ஸைத் தவிர வேறெதையும் அங்கே வைக்காமல் இருப்பது. இரண்டாவதை நேரடியாக அடைக்க முடியாது. அதைச் செலவழிக்க வைக்கத்தான் முடியும்.

‘செலவழிக்க வைப்பது’ என்றால்?

ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன், எளிதில் புரியும். எதிரில் சாரிஸார்ட் இஎக்ஸ் டெக். அவர் பெஞ்சில் பிஜாட் இஎக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் டெக்கிலிருந்து விரும்பிய ஒரு கார்டைத் தேடி எடுக்கும் திறன் அதற்கு உண்டு. அப்படியென்றால் அவர் டெக்கில் இருக்கும் எந்த வாசலும் ஏறக்குறைய அவர் கையிலேயே இருக்கிறது என்றுதான் நான் கணக்கு வைக்க வேண்டும்.

அவர் என் ஸ்னோர்லாக்ஸ் ஒன்றை வீழ்த்தி ஒரு பிரைஸ் எடுத்தார். நான் கவுண்டர் கேட்சர் போட்டு அவருடைய லூமினியான் வியை முன்னால் இழுத்தேன். அதன் தாக்குதலுக்குத் தண்ணீர் எனர்ஜி வேண்டும். அவர் டெக்கில் நெருப்பு மட்டுமே. அதே முறையில் எரி ஆடினேன். அவர் கையிலிருந்து சூப்பர் ராட், அல்ட்ரா பால் என்ற இரண்டு ஐட்டங்கள் போயின.

அடுத்த முறை அவர் பிஜாட்டால் டூரோவைத் தேடி எடுத்து, லூமினியானைக் கைக்கு எடுத்துக்கொண்டு, சாரிஸார்டை முன்னால் நிறுத்தி அடித்தார். இரண்டாவது ஸ்னோர்லாக்ஸும் விழுந்தது. பக்கத்தில் நின்று பார்த்த தம்பி ஒருவர், “அண்ணா, உங்கள் பூட்டு உடைந்துவிட்டதே” என்றார். உடையவில்லை. அவர் டெக்கில் டூரோ ஒன்றுதான். அதைத் திரும்ப எடுக்க அவரிடம் வழியும் இல்லை. முதல் பூட்டு போட்டதே டூரோவை வரவழைக்கத்தான்.

என் மூன்றாவது ஸ்னோர்லாக்ஸ் முன்னால் வந்தது. இரண்டாவது கவுண்டர் கேட்சர் அவருடைய ரோட்டம் வியை இழுத்தது. அதற்கு மின்னல் எனர்ஜி வேண்டும். அதுவும் அவரிடம் இல்லை. என் பெஞ்சில் நான்காவது ஸ்னோர்லாக்ஸைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவர் பாஸஸ் ஆர்டர்ஸ் ஆடினாலும் ஒரு ஸ்னோர்லாக்ஸுக்குப் பதில் இன்னொன்றுதான் வரும். அவர் டெக்கில் 17 கார்டுகள் மிச்சம். கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துவிட்டு, ஆடி முடித்த கார்டுகள் கிடக்கும் தன் டிஸ்கார்ட் குவியலை ஒருமுறை புரட்டிவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினார்.

கவுண்டர் கேட்சரை ஏன் இவ்வளவு நம்புகிறீர்கள்? பாஸஸ் ஆர்டர்ஸ் போதாதா?

பாஸஸ் ஆர்டர்ஸ் சப்போர்ட்டர். ஒரு முறைக்கு ஒரு சப்போர்ட்டர்தான் ஆடலாம். அதை ஆடினால் அந்த முறையில் எரி ஆட முடியாது. எதிராளி கையில் ஸ்விட்ச் வைத்திருந்தால் உடனே தப்பிவிடுவார். கவுண்டர் கேட்சர் ஐட்டம். இழுப்பதும் கையைக் காலி செய்வதும் ஒரே முறையில் நடக்கும்.

அதை ஆட நிபந்தனை, எதிராளியைவிட நமக்கு அதிகப் பிரைஸ் மிச்சமிருக்க வேண்டும். நாம் பிரைஸே எடுப்பதில்லை. அவர் ஒன்றை எடுத்த நொடியிலிருந்து ஆட்டம் முடியும்வரை நம் கவுண்டர் கேட்சர் வேலை செய்யும். அவர் டெக்கில் இருக்கும் கவுண்டர் கேட்சரோ நம்மிடம் கடைசிவரை செத்த கார்டு. முதல் ஸ்னோர்லாக்ஸ் விழுவதைக் கண்டு பதறாதீர்கள். அந்த ஒரு பிரைஸ் நாம் விரும்பிக் கொடுக்கும் விலை.

யாரைப் பிடிப்பது என்று எப்படி முடிவு செய்வது?

அதன் தாக்குதலுக்குத் தேவையான எனர்ஜி வகை எதிராளியின் டெக்கில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பின்வாங்கும் விலை இரண்டாவது. நிறமற்ற எனர்ஜியால், அதாவது எந்த வகை எனர்ஜியாலும், தாக்கக்கூடிய எதையும் பிடிக்காதீர்கள். பிஜாட் இஎக்ஸைப் பிடித்தால் அதன் தேடும் திறன் பெஞ்சிலிருந்தாலும் முன்னாலிருந்தாலும் வேலை செய்யும், இரண்டு எனர்ஜி சேர்த்தால் அடிக்கவும் செய்யும்.

பெஞ்சில் இரையே இல்லை, எல்லாம் தாக்கும் போகிமான்கள் என்றால் எரிகாஸ் இன்விடேஷன் இருக்கிறது. எதிராளி கையில் உள்ள ஒரு அடிப்படைப் போகிமானை நாமே பெஞ்சில் இறக்கி, அப்படியே ஆக்டிவுக்குக் கொண்டுவரலாம். அனுபவமுள்ளவர்கள் நம்மைக் கண்டதும் லூமினியானைக் கையிலேயே மறைத்து வைத்திருப்பார்கள். அவர்களுக்காகவே இந்தக் கார்டு.

ரோட்டம் வி இல்லாமல் கார்டு கிடைப்பதில்லை. இருந்தால் அதையே இழுத்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

நல்ல கேள்வி, டெக்கின் உண்மையான இழுபறி இதுதான். ரோட்டம் வி மூன்று கார்டு கொடுத்து நம் முறையை முடித்துவிடும். தாக்காத டெக்குக்கு முறை முடிவதால் நஷ்டமில்லை. ஆனால் அது பெஞ்சில் இருக்கும்வரை ஐந்தாவது வாசல் திறந்தே கிடக்கிறது. அதோடு, அது வி வகை என்பதால் விழுந்தால் எதிராளிக்கு இரண்டு பிரைஸ்.

என் வழக்கம் இது: பூட்டுக்கு முன் ரோட்டம், பூட்டியபின் பென்னி. பென்னி என்னும் சப்போர்ட்டர் நம் அடிப்படைப் போகிமான் ஒன்றை, அதோடு சேர்ந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கைக்குத் திருப்பும். ரோட்டத்தைக் கைக்கு எடுத்துவிட்டால் பெஞ்ச் சுத்தம். எடுத்தபின் அதை மறுபடி இறக்கும் ஆசை வரும். இறக்காதீர்கள். நான் இழந்த ஆட்டங்களில் பாதி, “இன்னும் மூன்று கார்டு மட்டும்” என்ற நினைப்பில் இழந்தவை.

ஸ்னோர்லாக்ஸ் நான்கும் தேவையா?

நான்கும் தேவை, ஒன்றுகூடக் குறைக்க வேண்டாம். நான்கு வைத்தால் முதல் ஏழு கார்டுகளில் ஒன்றாவது வர வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு. மூன்று வைத்தால் அதுவும் குறையும்.

இதைவிட முக்கியமான கணக்கு பிரைஸில் இருக்கிறது. மற்ற டெக்குகள் பிரைஸ் எடுக்க எடுக்க, அங்கே மாட்டிய கார்டுகள் கைக்கு வந்துவிடும். நமக்கு வராது. ஆட்டத்தின் தொடக்கத்தில் அந்த ஆறில் போனது போனதுதான். நான்கு ஸ்னோர்லாக்ஸில் ஒன்றாவது பிரைஸில் மாட்ட வாய்ப்பு 35 விழுக்காடு. ஒரே பிரதி வைத்த கார்டு ஒவ்வொன்றும் பத்து ஆட்டத்துக்கு ஒன்றில் இல்லாமல் போகும். அது இல்லாமல் டெக் நடக்காது என்றால் இரண்டாகப் போடுங்கள். இரண்டும் சேர்ந்து பிரைஸில் மாட்ட வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை. டெக்கை முதல்முறை தேடும்போதே எதெது இல்லை என்று பார்த்து மனதில் குறித்துக்கொள்வதைப் பழக்கமாக்குங்கள்.

ஏஸ் ஸ்பெக் எதைப் போடுவது?

ஏஸ் ஸ்பெக் என்பது பலமான ஒரு தனிவகைக் கார்டு. டெக்குக்கு ஒன்றுதான் என்பதால் யோசித்துத்தான் போட வேண்டும். பிரைம் கேட்சர் ஐட்டமாகவே இழுக்கும், அதோடு நம் ஆக்டிவையும் மாற்றும். நிபந்தனை எதுவும் இல்லாததால் முதல் பிரைஸ் போவதற்கு முன்பே பூட்டலாம். பலருக்கு அது பிடிக்கும்.

எனக்குப் பிடித்தது ஹீரோஸ் கேப். அணிந்தால் 100 எச்பி கூடும். ஸ்னோர்லாக்ஸின் 130, 230 ஆகும். சாரிஸார்ட் இஎக்ஸின் அடி 180, அதன் எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸுக்கும் 30 கூடுதல். நாம் எதையும் எடுக்காததால் அது 180-லேயே நின்றுவிடுகிறது. கேப் அணிந்த ஸ்னோர்லாக்ஸ் ஓர் அடியைத் தாங்கும். பெஞ்சில் இன்னொரு ஸ்னோர்லாக்ஸ் இருந்தால் அடுத்த முறை பென்னி ஆடி அடிபட்டதைக் கைக்கு எடுக்கலாம். கேப்பும் கூடவே வரும், காயமும் போய்விடும். பிறகு புதிதாக இறக்கி மறுபடி அணிவிக்கலாம். லாஸ்ட் வேக்யூம் வைத்திருக்கும் எதிராளியிடம் மட்டும் கவனம். அது கேப்பை ஒரேயடியாகக் கொண்டுபோய்விடும்.

எதிராளிக்கு முன்பே என் டெக் தீர்ந்துவிடுகிறது. எப்படித் தடுப்பது?

ரோட்டம் மூன்று, முறைத் தொடக்கத்தில் ஒன்று, ஆக ஒரு முறைக்கு நான்கு கார்டு. 47 கார்டுகள் 12 முறைகளில் காலி. பூட்டு விழுந்ததும் ரோட்டத்தை நிறுத்த இது இன்னொரு காரணம்.

அப்படியும் தீரும். அதற்காகத்தான் பிஜாட் வி. சாரிஸார்ட் டெக்கில் வரும் பிஜாட் இஎக்ஸ் வேறு, இது வேறு. பெஞ்சில் இருக்கும்போது தன்னைத்தானே டெக்குக்குள் கலைத்துக்கொள்ளும் திறன் இதற்கு உண்டு. உங்கள் டெக்கில் ஒரு கார்டும் இல்லை, கையில் பிஜாட் வி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் இறக்குங்கள், டெக்குக்குள் அனுப்புங்கள், முறையை முடியுங்கள். அடுத்த முறை நீங்கள் எடுக்கும் கார்டு அதே பிஜாட் வி. மறுபடி இறக்குங்கள், மறுபடி அனுப்புங்கள். இது எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றும். எதிராளிக்கு அந்த வசதி கிடையாது.

டெக் சிறுத்துப்போவது இன்னொரு விதத்தில் நமக்குப் பலம். டீம் யெல்ஸ் சியர் நம் டிஸ்கார்டிலிருந்து போகிமான், சப்போர்ட்டர் என மூன்று கார்டுகளை டெக்கில் சேர்க்கும். டெக்கில் வேறெதுவும் இல்லையென்றால் அடுத்தடுத்து எடுக்கப்போவது அந்த மூன்றையேதான். அந்த சியரையே திரும்பக் கொண்டுவர பேல் பேட் உண்டு. ஆனால் பேல் பேட் ஐட்டம், தானாகத் திரும்பாது. கடைசி எரி, கடைசி பேல் பேட் எப்போது போகிறது என்பது எப்போதும் உங்கள் நினைவில் இருக்கட்டும்.

எதிராளி ஐயோனோ ஆடினால்?

கவலைப்பட வேண்டிய கார்டுதான். அது இருவர் கையையும் டெக்குக்கு அடியில் அனுப்பி, அவரவருக்கு மிச்சமுள்ள பிரைஸ் எண்ணிக்கைக்கு ஏற்பக் கார்டு எடுக்க வைக்கும். பூட்டுக்குள் இருப்பவர் கையில் கார்டு குவியும். 14 கார்டு வைத்திருப்பவர், நான்கு பிரைஸ் மிச்சமிருக்கும்போது ஐயோனோ ஆடினால், கையில் மிஞ்சிய 13-ம் டெக்குக்கு அடியில் போகும். எடுப்பது நான்கே. ஒன்பது முறை ஆயுள் கூடிவிட்டது. இது சப்போர்ட்டர் என்பதால் எரி தொடாது. எத்தனை ஐயோனோ போயிற்று என்று எண்ணிக்கொண்டே இருப்பதும், ஆட்டத்தை முடிக்கும் கணக்கில் அதையும் சேர்ப்பதும்தான் வழி. இதே காரணத்துக்காக நம் டெக்கில் ஐயோனோ அதிகம் வேண்டாம். தொடக்கத்தில் உதவும் அதே கார்டு கடைசியில் எதிராளிக்கு உயிர் கொடுக்கும்.

மூன்று ஆட்டச் சுற்றில் நேரம் போதவில்லையே?

பெரிய போட்டிகளில் சுற்றுக்கு 50 நிமிடம். மணி அடித்தபின் நடப்பு முறையும் கூடுதலாக மூன்று முறைகளும். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1. முதல் ஆட்டத்தை ஜெயித்து இரண்டாவது முடியாமல் நின்றால் சுற்று உங்களுடையது. மூன்றாவது முடியாமல் நின்றால் சமநிலை. மூன்று சமநிலை சேர்ந்தால்தான் ஒரு வெற்றிக்குச் சமம்.

ஆகவே முதல் ஆட்டம்தான் எல்லாம். உங்கள் முடிவுகளை எதிராளியின் முறையிலேயே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டு கலைப்பதைப் பழகுங்கள். தடுமாறிக் கலைப்பதில் போகும் நிமிடங்கள் வியப்பூட்டும். தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தை இழுக்காமல் விட்டுக்கொடுங்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். 20 நிமிடத்தில் ஒப்புக்கொண்ட தோல்வி, மீதி இரண்டு ஆட்டங்களுக்கு நேரம் தரும்.

எந்த டெக்கிடம் தோற்போம்?

லாஸ்ட் ஸோனில் (ஆட்டத்துக்குத் திரும்ப வராத கார்டுகளின் குவியலில்) கார்டுகளைச் சேர்த்து ஆடும் லாஸ்ட் ஸோன் டெக்குகளிடம். ஸ்விட்ச் கார்ட் நான்கு, அதற்குமேல் எஸ்கேப் ரோப் என்று வாசல்களாலேயே கட்டிய வீடு அது. எரி இரண்டை எறிந்தால் மூன்றாவது வரும். லாஸ்ட் ஸோனில் நான்கு கார்டு சேர்ந்ததும் கிராமொரன்ட் எனர்ஜியே இல்லாமல் அடிக்கும். இஎக்ஸ், வி அடிகளைத் தடுக்கும் மிமிக்யூவை இதற்காகச் சேர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிராமொரன்ட் இரண்டுமில்லை. 70 எச்பி மிமிக்யூ ஒரே அடியில் போய்விடும்.

இந்த ஒரு டெக்குக்காக நான்கைந்து இடங்களைச் செலவழித்து மற்ற எல்லோரிடமும் பலவீனமாகாதீர்கள். அந்தச் சுற்றை இழந்து மற்றவற்றை ஜெயிப்பது எனக்கு ஏற்பான கணக்கு.

திருத்திய டெக்கை எப்படிச் சோதிப்பது?

ஒரு சிறிய நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே ஒரு வரி: பூட்டு எந்த வாசல் வழியாக உடைந்தது? பத்து ஆட்டம் ஆடிவிட்டுப் படியுங்கள். ஆறு முறை ஸ்விட்ச் என்றால் எரி ஒன்று கூட்டுங்கள். ஆறு முறை பெஞ்ச் என்றால் டெக்கைத் தொடாதீர்கள், ஆடும் விதத்தை மாற்றுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு கார்டுக்கு மேல் மாற்றினால் எது உதவியது என்றே தெரியாமல் போகும்.

முடிந்தால் நண்பரிடம் உங்கள் டெக்கைக் கொடுத்து, நீங்கள் எதிரில் உட்கார்ந்து பூட்டுக்குள் மாட்டிப் பாருங்கள். எந்த வாசலைத் தேடி உங்கள் கை போகிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

என்னோடு ஆட யாரும் விரும்புவதில்லை. என்ன செய்யலாம்?

போட்டியில் தயங்க வேண்டியதில்லை. விதிக்குள் ஆடுகிறீர்கள். நண்பர்கள் கூடும் மாலையில் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இன்னொரு டெக்கும் கொண்டு போங்கள். பூட்டு விழுந்த பிறகு, அவர் கேட்டால், என்ன நடக்கிறது என்பதை மரியாதையாக விளக்குங்கள். என்னிடம் இப்படி மாட்டித் தோற்ற ஒருவர் மறுவாரமே, “இதை எனக்கும் சொல்லித் தாருங்கள்” என்று வந்து நின்றார்.

இந்த டெக்கை இப்போதும் போட்டியில் ஆடலாமா?

ஸ்டாண்டர்ட் போட்டியில் ஆட முடியாது. எந்தக் காலத்துக் கார்டு என்று காட்ட ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து முத்திரை அச்சிட்டிருக்கும். எஃப் முத்திரை கொண்ட கார்டுகள் 2025 ஏப்ரலில் வெளியேறின. ஸ்னோர்லாக்ஸ், ரோட்டம் வி, பிஜாட் வி, டீம் யெல்ஸ் சியர் எல்லாம் அதோடு போயின. பழைய கார்டுகளையும் அனுமதிக்கும் எக்ஸ்பாண்டட் முறையில் ஆடலாம். 2024 டெக்குகளை அப்படியே வைத்து வீட்டில் ஆடும் குழுக்களிலும் ஆடலாம். புதிய தொகுப்பு வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது, ‘பின்வாங்க முடியாது’ என்ற வரி எந்தக் கார்டில் இருக்கிறது என்பதைத்தான். அது கிடைத்துவிட்டால், அந்தத் தொகுப்பில் ஸ்விட்ச் எத்தனை என்று எண்ணத் தொடங்குவேன்.